ராணுவ நிர்வாகக் குழுவின் ஒரு வருடம்: காலை எண்ணிக்கையிலிருந்து கடைசிப் பதிவு வரை

ஒரு தாயார் கேட்ட கேள்வி இது: "என் மகன் ராணுவத்தில் நிர்வாக உதவிப் பிரிவில் சேர்ந்திருக்கிறான். பட்டாலியன் அலுவலகத்தில் கிளார்க் வேலை. துப்பாக்கியோடு நிற்கிறவர்களுக்கு நடுவில் தாளோடு உட்காரும் இவனுக்கு வருடம் முழுக்க என்ன வேலை இருக்கும்? சலித்துப் போய்விட மாட்டானா?"

அம்மா, 19 ஆண்டுகள் அதே வேலையைப் பார்த்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். சலிப்புக்கு அங்கே நேரம் கிடைக்காது. ஒரு பட்டாலியனில் பொதுவாக 500 முதல் 1000 பேர் இருப்பார்கள். அவர்களுடைய சம்பளம், லீவ், பதவி உயர்வு, இடமாற்றம், குடும்ப விவரம், ஓய்வு எல்லாமே ஒரு சின்னக் குழுவின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அமெரிக்கப் படையில் அந்தக் குழுவுக்கு எஸ்-1 என்று பெயர். பிரிட்டிஷ் மரபில் வந்த படைகளில் அந்த அறையை ஆர்டர்லி ரூம் என்பார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் அந்த அறை எப்போதும் இரண்டு விஷயங்களுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். யார் எங்கே இருக்கிறார்? அவருக்கு ஏதாவது ஆனால் யாரிடம் சொல்ல வேண்டும்? வருடம் முழுக்க உங்கள் மகன் செய்யப்போவது இந்த இரண்டு பதிலையும் பழசாகாமல் பார்த்துக்கொள்வதுதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவனும் சிப்பாய்தான். சுடும் பயிற்சி, உடல்தகுதித் தேர்வு, இரவுக் காவல் எல்லாம் அவனுக்கும் உண்டு. மற்றவர்களோடு ஓடிவிட்டு வந்து, குளித்து, சீருடை மாற்றி மேசைக்கு வரும்போது அன்றைய முதல் வேலை அவனுக்காகக் காத்திருக்கும்.

அந்த முதல் வேலைக்குப் பெயர் பரேட் ஸ்டேட். பட்டாலியனின் உட்பிரிவான ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் எண்ணிக்கை வரும். மொத்தம் இத்தனை பேர், லீவில் இத்தனை, கோர்ஸில் இத்தனை, மருத்துவமனையில் இத்தனை, வேறு பிரிவுக்கு அனுப்பப்பட்டவர் இத்தனை, கைவசம் இத்தனை. கேட்க எளிது. ஆனால் ஒரே ஒரு ஆள் கணக்கு உதைத்தாலும் விட முடியாது. நேற்று மாலை கோர்ஸ் முடித்துத் திரும்பியவரை ஒரு கம்பெனி சேர்த்திருக்கும், இன்னொரு பட்டியல் அவரை வெளியிலேயே வைத்திருக்கும். சமையலறைக்குப் போகும் சாப்பாட்டு எண்ணிக்கை, காவல் பட்டியல், வண்டி ஒதுக்கீடு எல்லாம் இந்த ஒரு தாளை நம்பித்தான் போடப்படும். கமாண்டிங் ஆபீசர் "இன்றைக்கு எத்தனை பேரை வைத்து என்ன செய்ய முடியும்?" என்று கேட்டால், அவருடைய நிர்வாக உதவி அதிகாரியான அட்ஜுடன்ட் பார்ப்பதும் இதைத்தான்.

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. வட இங்கிலாந்தில் வின்டோலாண்டா என்று ஒரு ரோமானியக் கோட்டை இருந்தது. 1973 முதல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து மெல்லிய மரப்பலகைகளில் மையால் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் கிடைத்து வருகின்றன. அவற்றில் ஒன்று துங்ரியர் முதல் படைப்பிரிவின் எண்ணிக்கைத் தாள். கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டைச் சேர்ந்தது, மே 18 என்று தேதியும் இருக்கிறது. மொத்தம் 752 பேர். வெளியே சென்றிருப்பவர் 456. கோட்டையில் இருப்பவர் 296. அவர்களில் நோயாளிகள் 15, காயம்பட்டவர் 6, கண்வலிக்காரர் 10. வேலைக்குத் தகுதியானவர் 265. நான் முதன்முதலில் இதைப் படித்தபோது கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் எனக்கு அவர் அடுத்த மேசைக்காரர் மாதிரித்தான் தோன்றினார்.

சரி, வருடத்துக்கு வருவோம். இந்த வேலையில் வருடம் ஜனவரி 1-ல் தொடங்காது, நிதியாண்டோடு தொடங்கும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் அது ஏப்ரல், அமெரிக்காவில் அக்டோபர் 1. அதற்கு முந்தைய இரண்டு மாதம்தான் அலுவலகம் கொதிக்கும். பயணப்படி கேட்டு விண்ணப்பிக்காமல் ரசீதைப் பையிலேயே வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய பணம் அந்த ஆண்டோடு போய்விடும். பிறகு வாங்குவது என்றால் பத்து விளக்கம் எழுத வேண்டும். புதிய சம்பள விகிதம் அறிவிக்கப்பட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நிர்ணயம் செய்ய வேண்டும், நிலுவை கணக்கிட வேண்டும். நாலைந்து மாதம் கழித்து ஒருவர் வந்து "எனக்கு மட்டும் ஏன் குறைவு?" என்று கேட்கும்போது, தாளை எடுத்து ஒவ்வொரு வரியாகக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். "கணினி அப்படித்தான் போட்டிருக்கிறது" என்று பதில் சொல்கிறவரை நான் நல்ல கிளார்க் என்று ஏற்க மாட்டேன்.

இடமாற்றக் காலம் வந்தால் வாசலில் பெட்டியோடு ஆட்கள் நிற்பார்கள். புதிதாக வருபவர் பணிப் பதிவேடு, கடைசியாகச் சம்பளம் வாங்கியதற்கான சான்று, மருத்துவ ஆவணம், எடுத்த லீவ் கணக்கு ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். இதில் ஒன்று பழைய இடத்திலேயே தங்கிவிடுவது வழக்கம். சம்பளச் சான்று வராவிட்டால் அந்த மாதச் சம்பளமே சிக்கும். அவருக்கு வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையும் காத்திருக்கும். அதனால் புதிதாக வந்தவரை "உட்காருங்கள்" என்று சொல்லி, அவர் கண்முன்னேயே பழைய அலுவலகத்துக்குப் போன் போடுவது நான் கற்றுக்கொண்ட பழக்கம். வந்த முதல் நாளில் ஒருவரை எப்படி நடத்துகிறோம் என்பது அவர் போகும்வரை நினைவில் இருக்கும்.

ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளின் காலம் தனி. எழுதுவது அதிகாரிகள்தான், ஆனால் அறிக்கை கிளம்பி, கையெழுத்தாகி, உரிய தேதிக்குள் போய்ச் சேர வைப்பது நிர்வாகக் குழு. பதவி உயர்வு வாரியத்தின் முன்னால் ஆள் நிற்பதில்லை, தாள்தான் நிற்கிறது. மதிப்பீட்டுக் காலங்களுக்கு நடுவில் மூன்று மாத இடைவெளி விழுந்திருந்தால், "இந்த மூன்று மாதம் இவர் எங்கே இருந்தார்?" என்ற சந்தேகம் எழும். அவர் கோர்ஸில் இருந்திருப்பார், நன்றாகவே செய்திருப்பார். அதைச் சொல்லும் ஒரு வரி இல்லாததால் ஒருவருக்கு ஓராண்டு தள்ளிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

லீவ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீரர்கள் அலுவலகத்தைத் தேடி வருவதில் பாதி இதற்காகத்தான். எல்லோருக்கும் பண்டிகைக்கு வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் பிரிவில் எப்போதும் குறிப்பிட்ட பலம் இருந்தே ஆக வேண்டும். ஆண்டின் தொடக்கத்திலேயே லீவ் திட்டம் போடுவோம். போன பண்டிகைக்குப் போகாதவர் யார், யார் வீட்டில் கல்யாணம், யார் மனைவிக்குப் பிரசவ மாதம், யாருக்கு வயதான பெற்றோரின் அறுவை சிகிச்சை என்று எல்லாவற்றையும் பார்த்து அடுக்கி முடித்தால், பாதியில் ஒரு உத்தரவு வரும். பயிற்சி முன்கூட்டியே நடக்கப்போகிறது, லீவ் ரத்து. அப்புறம் எல்லாம் முதலிலிருந்து. இதில் முடிவெடுப்பது கம்பெனி கமாண்டர், கிளார்க் இல்லை. ஆனால் "இவர் இரண்டு வருடமாகப் பண்டிகைக்குப் போகவில்லை ஐயா" என்று நேரம் பார்த்து எடுத்துச் சொல்லக் கூடியவர் கிளார்க்தான். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நேர்மையான பதிவேடு இருக்க வேண்டும். சொந்த நண்பனுக்காக ஒரு முறை வளைந்துவிட்டால், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

லீவ் முடிந்து திரும்புகிறவர்களிடமிருந்துதான் இந்த வேலையின் முக்கியமான செய்திகள் வரும். கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது, அப்பா காலமானார், வீடு மாறியாயிற்று. பிரிட்டிஷ் மரபுப் படைகளில் இப்படிப்பட்ட மாற்றங்கள் பார்ட் டூ ஆர்டர் என்ற அறிவிப்பில் ஏற வேண்டும். ஏறினால்தான் அது நடந்ததாகப் படைக்குத் தெரியும். ஒருவர் கல்யாணம் செய்து மூன்று வருடம் ஆகியிருக்கும், குழந்தையும் இருக்கும், தாளில் இன்னும் தனியாள். நாமினி இடத்தில் காலமான தந்தையின் பெயர். பார்த்தால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும்.

அது சின்ன விஷயமில்லை என்பது களத்துக்குக் கிளம்பும்போது தெரியும். பெரிய பயிற்சியோ உண்மையான பணியோ, புறப்படும் முன் ஒவ்வொருவரும் ஒரு வரிசையில் வருவார்கள். ஒரு மேசையில் அடையாள அட்டை, அடுத்ததில் தடுப்பூசி, அடுத்ததில் காப்பீடு, அடுத்ததில் உயில், கடைசியில் நெருங்கிய உறவினர் படிவம். அமெரிக்கப் படையில் இந்த அவசரத் தகவல் தாளுக்கு டிடி படிவம் 93 என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர் கொண்டுபோன சம்பளப் புத்தகத்திலேயே உயில் எழுத ஒரு பக்கம் இருந்தது. அடையாள அட்டை விஷயத்தில் 1949-ன் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவே பேசுகிறது. பெயர், பதவி, எண், பிறந்த தேதி அதில் இருக்க வேண்டும், இயன்றவரை 6.5 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில் இருக்க வேண்டும், இரண்டு பிரதி போட வேண்டும். பிடிபட்ட வீரர் போர்க்கைதி என்ற பாதுகாப்பைக் கேட்கும்போது காட்டுவது, ஒரு கிளார்க் தட்டச்சு செய்த அந்த அட்டையைத்தான்.

இருபது வயதுப் பையனிடம் "நீ இறந்தால் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும்?" என்று கேட்பது எளிதில்லை. சிலர் சிரிப்பார்கள். சிலர் "அம்மாவிடம் நேரே சொல்ல வேண்டாம், அண்ணனிடம் சொல்லுங்கள், அம்மாவுக்கு இதய நோய்" என்பார்கள். அப்படிச் சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். வரிசை நீளுகிறது என்று அவசரப்படுத்தக் கூடாது. என் மூத்தவர் ஒருவர் அந்த மேசையில் மட்டும் எப்போதும் தானே உட்காருவார், புதியவர்களை உட்கார விடமாட்டார். ஏன் என்று ஆரம்பத்தில் புரியவில்லை.

புரிந்தது ஒரு நாள் செய்தி வந்தபோது. யாருக்கு என்ன ஆயிற்று என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அப்போது அலுவலகம் என்ன செய்கிறது என்று மட்டும் சொல்கிறேன். வீரரின் படை எண்ணைச் சரிபார்க்கிறோம், பெயரை அல்ல. இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்கிறோம். படிவத்தை எடுக்கிறோம். வெளியே போகும் தொலைபேசிகளை நிறுத்துகிறோம், ஏனென்றால் வதந்தி வீட்டுக்குச் செய்திக்கு முன்னால் போய்விடும். பிறகு அந்த முகவரிக்கு ஒரு அதிகாரி நேரில் கிளம்புகிறார். முகவரி பழையதாக இருந்தால் அவர் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார், அதற்குள் அண்டை அயலாருக்குத் தெரிந்துவிடும்.

நேரில் போய்ச் சொல்வது என்ற முறையும் தானாக வந்துவிடவில்லை. 1965 நவம்பரில் வியட்நாமின் இயா டிராங் பள்ளத்தாக்கில் நடந்த சண்டையில் அமெரிக்கத் தரப்பில் நிறையப் பேர் இறந்தார்கள். அவர்களுடைய குடும்பங்கள் அமெரிக்காவில் ஃபோர்ட் பென்னிங் முகாமைச் சுற்றி இருந்தன. மரணச் செய்தித் தந்திகளை டாக்சி ஓட்டுநர்களிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அங்கே போரிட்ட ஒரு பட்டாலியனின் தளபதி ஹால் மூர். அவருடைய மனைவி ஜூலியா மூர் அந்த விதவைகளின் வீடுகளுக்குப் போய் உடனிருந்தார், இறுதிச் சடங்குகளில் கலந்துகொண்டார், இப்படிச் செய்வது தகாது என்று ராணுவத் தலைமையகமான பென்டகன் வரை முறையிட்டார். அதன் பிறகுதான் சீருடையில் ஆட்கள் நேரில் சென்று சொல்லும் ஏற்பாடு அந்தப் படையில் வந்தது. தகவல் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைத்த ஒரு அலுவலகத்துக்கு, அது எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு பெண் கற்றுக்கொடுத்தார். இதை நான் பயிற்சி கொடுத்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

எண்ணைப் பார், பெயரைப் பார்க்காதே என்றேன். அதற்கு என்னிடம் சொந்தக் காரணம் உண்டு. வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், எங்கள் பிரிவில் ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருவருடைய சம்பளத்திலிருந்து வீட்டுக்குப் போகும் பங்கை நிறுத்தச் சொல்லி எழுத்து வந்தது. நான் மற்றவருடையதை நிறுத்திவிட்டேன். அவர் அப்போது தொலைவான ஒரு காவல் நிலையில் இருந்தார். இரண்டு மாதம் வீட்டுக்குப் பணம் போகவில்லை. அவர் மனைவி கடன் வாங்கிச் சமாளித்திருக்கிறார், கணவர்தான் நிறுத்திவிட்டார் என்று நினைத்துக் கேட்கவும் கூச்சப்பட்டிருக்கிறார். சரிசெய்தோம், நிலுவையும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த இரண்டு மாதம் அந்த வீட்டில் இருந்த சந்தேகத்தை எந்த நிலுவையும் திருப்பித் தராது. அன்றிலிருந்து எண் இல்லாத தாளை நான் தொட்டதில்லை.

ஒரே பெயர்ப் பிரச்சினை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு 6888-ஆவது மத்திய அஞ்சல் பட்டாலியனைப் பார்க்கலாம். 1945 பிப்ரவரியில் மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில், கறுப்பினப் பெண்களைக் கொண்ட அந்த அமெரிக்கப் படைப்பிரிவு இங்கிலாந்தின் பர்மிங்ஹாமுக்கு வந்தது. சுமார் 855 பேர். ஐரோப்பாவில் இருந்த வீரர்களுக்கு வந்து தேங்கிக் கிடந்த கோடிக்கும் மேற்பட்ட கடிதங்களும் பொட்டலங்களும் கொட்டகைகளில் குவிந்திருந்தன. ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் சுமார் 7500 பேர். சில உறைகளில் செல்லப்பெயர் மட்டும்தான். அவர்கள் ஏறத்தாழ 70 லட்சம் தகவல் அட்டைகளை வைத்துக்கொண்டு, படை எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தார்கள். மூன்று ஷிப்டாக வேலை. ஒரு ஷிப்டில் சுமார் 65,000 தபால். ஆறு மாதம் ஆகும் என்றதை மூன்று மாதத்தில் முடித்தார்கள். அவர்கள் முழக்கமாக வைத்த வாசகத்தின் பொருள்: தபால் இல்லையென்றால் மனோபலம் குறையும். சம்பளத்துக்கும் லீவுக்கும் அதே வாசகத்தைப் போடலாம்.

பிரிவு களத்துக்குப் போகும்போது நிர்வாகக் குழு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி கூடப் போகும், ஒரு பாதி முகாமில் தங்கும். தங்குகிறவர்களுக்குத்தான் குடும்பங்களின் போன்கள். "அவர் பேசி எட்டு நாள் ஆச்சு, ஏதாவது தெரியுமா?" தெரிந்தாலும் இடத்தைச் சொல்லக் கூடாது. ஆனால் குரலில் பதற்றம் இல்லாமல், பொய்யும் இல்லாமல் ஆறுதல் சொல்ல வேண்டும். இது எந்தக் கையேட்டிலும் இல்லை.

வாயடக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யாருக்கு எவ்வளவு கடன், யார் மீது ஒழுங்கு நடவடிக்கை, யார் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகிறார், யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். சாப்பாட்டு மேசையில் அவர்களோடுதான் உட்கார வேண்டும். ஒன்றும் தெரியாதவனாக இருப்பதுதான் இந்த வேலையின் கடினமான ஒழுங்கு என்பது என் எண்ணம்.

இன்று இவற்றில் பெரும்பகுதி கணினிக்கு வந்துவிட்டது. பிரிட்டனில் ஜேபிஏ என்ற ஒருங்கிணைந்த முறை 2006-07-ல் முப்படைகளுக்கும் வந்தது. அமெரிக்கத் தரைப்படை 2023 ஜனவரியில் ஐப்ஸ்-ஏ என்ற புதிய முறைக்கு மாறியது. வீரரே லீவ் விண்ணப்பத்தைப் பதிகிறார், தன் விவரத்தைத் தானே பார்க்கிறார். நல்ல மாற்றம். ஆனால் கிளார்க்கின் வேலை குறையவில்லை. முன்பு எழுதுவார், இப்போது மற்றவர்கள் பிழையாக எழுதியதைத் திருத்துகிறார். இணைப்பு இல்லாத மலைமேல் தேவைப்படும் என்று பெயர்ப் பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்றைப் பையில் வைத்திருக்கும் பழக்கத்தை அவன் விட வேண்டாம்.

ஆண்டாய்வும் ஆடிட்டும் வரும்போது எல்லோரும் முகம் சுளிப்பார்கள். மாதாமாதம் கோப்பைச் சரியாக வைத்திருந்தால் அது மூன்று நாள் தொந்தரவு, அவ்வளவுதான். ஆனால் கோப்பு எதற்கு என்ற கேள்விக்கு நான் எப்போதும் சொல்வது 1973 ஜூலை 12-ஐ. அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் அருகே இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான ராணுவக் கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் போய்விட்டது. நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை. போரில் காயம்பட்டு உதவித்தொகை கேட்டு வந்த முதியவர்களிடம், நீங்கள் படையில் இருந்ததற்கே சான்று காட்டுங்கள் என்று கேட்க வேண்டிய நிலை. பிறகு எதை வைத்து அந்த வாழ்க்கைகளைத் திரும்பக் கட்டினார்கள் தெரியுமா? சம்பளச் சீட்டுகள், மருத்துவமனைப் பதிவுகள், அப்புறம் அந்தந்தப் பிரிவின் காலை அறிக்கைகள். இன்னார் இன்று மருத்துவமனைக்குப் போனார், இன்னார் திரும்பினார் என்று ஏதோ ஒரு கிளார்க் ஏதோ ஒரு காலையில் எழுதி வைத்த வரி, பல வருடம் கழித்து ஒருவருக்கு மருந்தாகவும் பென்ஷனாகவும் திரும்பி வந்தது.

ஓய்வுபெறுகிறவரின் தாள்கள் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். சேர்ந்த தேதி, விடுபட்ட நாள்கள், பதக்கங்கள், பிள்ளைகளின் பிறந்த தேதி எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பதினைந்து வருடத்துக்கு முன் யாரோ மாற்றி எழுதிய ஓர் எழுத்தால் மனைவியின் பெயர் இரண்டு விதமாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் விட்டால், பிற்காலத்தில் குடும்ப பென்ஷனுக்காக அந்த அம்மா தனியாக அலைய வேண்டிவரும். இப்போதே உட்கார்ந்து திருத்த வேண்டும். கடைசி நாளில் அவர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போவார். மறுநாள் காலைப் பரேட் ஸ்டேட்டில் மொத்தம் ஒன்று குறையும்.

உங்கள் மகனிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் அம்மா. பணியில் சேர்ந்த முதல் வாரத்தில், மற்றவர்களின் கோப்பைத் திறக்கும் முன், அவனுடைய சொந்த உறவினர் படிவத்தை எடுத்துப் பார்க்கட்டும். அதில் உங்கள் பெயரும், இப்போது நீங்கள் குடியிருக்கும் வீட்டின் முகவரியும், நீங்கள் எடுக்கிற போன் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்லட்டும்.